அரூர்ப் பக்கம் விபத்து அறுவை சிகிச்சை: கையில் 25 லட்சம், எதில் தொடங்குவது?

அரூர்_சர்ஜன் கேட்டது:

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில், அரூரைத் தாண்டி மலையடிவாரத்தில் 30 படுக்கை உள்ள அறக்கட்டளை மருத்துவமனை. ஜெனரல் சர்ஜன் நான் ஒருவன்தான். தியேட்டர் ஒன்று. சிசேரியன், ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் என்று ஓடுகிறது. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் உண்டு, சி.டி. இல்லை. மயக்க மருந்து டாக்டர் தருமபுரியிலிருந்து வர வேண்டும். ராத்திரி என்றால் ஒரு மணி நேரம் பிடிக்கும். ரத்தமும் அங்கிருந்துதான்.

வருகிற கேஸ் பெரும்பாலும் டூவீலர் மோதல், டிராக்டர் கவிழ்ந்து அடியில் சிக்கியவர்கள், புளி உலுக்கும் சீசனில் மரத்திலிருந்து விழுந்தவர்கள். பொங்கல் முடிந்து எருது விடும் விழாக்கள் ஆரம்பித்தால் மாடு முட்டி வயிறு கிழிந்து வருவார்கள். இப்போதைய வழக்கம், டிரிப் போட்டு 108-இல் ஏற்றி தருமபுரிக்கோ சேலத்துக்கோ அனுப்பிவிடுவது.

நிர்வாகம் 25 லட்சம் தரத் தயாராக இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு சி.டி. வாங்கலாம் என்பது அவர்கள் யோசனை. எனக்கு மூன்று சந்தேகம். யாரை இங்கேயே திறப்பது, யாரை அனுப்புவது? திறந்தால் எதுவரை செய்வது? ரத்தத்துக்கு என்ன வழி? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.


கத்தியும்_நூலும் எழுதியது:

டாக்டர், சி.டி. யோசனையை இப்போதைக்கு ஓரம் கட்டிவிடுங்கள். பி.பி. 70-இல் இருப்பவரை சி.டி. மேசையில் படுக்க வைப்பதே ஆபத்து. வயிற்றில் ரத்தம் இருப்பதைச் சொல்ல உங்களிடம் ஏற்கெனவே அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. அதை ஸ்கேன் ரூமிலிருந்து கேஷுவால்டிக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்வதுதான் முதல் வேலை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி மெஷின் பதிவான இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால், எந்த அறையில் வைப்பது, யார் யார் இயக்குவது என்று மாவட்ட அதிகாரிக்கு எழுதி முன்கூட்டியே பதிவில் சேர்த்துவிடுங்கள். நடு ராத்திரியில் ஸ்கேன் ரூம் சாவியைத் தேடுவது, 'ரேடியாலஜிஸ்ட் இல்லாமல் தொடலாமா' என்று தயங்குவது, இரண்டுமே நடக்கிற விஷயம்.

ஃபாஸ்ட் ஸ்கேனில் (அடிபட்டவருக்கு அவசரமாக வைக்கும் அல்ட்ராசவுண்ட்) பார்க்க வேண்டியது நான்கு இடம்: கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக்குழி, இதய உறை. கேள்வி ஒன்றே ஒன்றுதான், கருப்பாகத் திரவம் தெரிகிறதா இல்லையா. எந்த உறுப்பு கிழிந்தது என்று ஆராயாதீர்கள். 200 மி.லி.க்குக் குறைவாக இருந்தால் தெரியாமல் போகலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி வையுங்கள். வயிற்றுக்குப் பின்புற ரத்தக்கட்டு இதில் பிடிபடாது, குடல் ஓட்டையும் அப்படித்தான். அதனால் 'ஃபாஸ்ட் நெகடிவ்' என்ற ஒரு வரியை நம்பி யாரையும் வார்டுக்கு ஏற்ற வேண்டாம்.

யாரைத் திறப்பது என்பதற்கு என் கணக்கு இது. வந்ததும் 18 அல்லது 16 சைஸ் வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) இரண்டு, கதகதப்பான சலைன் அதிகபட்சம் 1 லிட்டர். அதற்குப் பிறகும் பி.பி. 90-க்கு மேல் நிற்கவில்லை, ஸ்கேனில் திரவம் தெரிகிறது என்றால் அவர் 40 கிலோமீட்டர் தாங்க மாட்டார். இங்கேயே திறக்க வேண்டியவர். பி.பி. ஏறி அப்படியே நிற்கிறது என்றால், ரத்தம் கையோடு கொடுத்து அனுப்பலாம். ஏறி மறுபடி இறங்குபவர்தான் ஏமாற்றுவார். ரெஃபரல் லெட்டர் எழுதும்போது 100, வண்டியில் ஏற்றும்போது 80. அவரையும் திறக்க வேண்டியவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சலைனை 3, 4 லிட்டர் ஏற்றி பி.பி.யை 120-க்குக் கொண்டுவருவது வேண்டவே வேண்டாம். உறைந்த கட்டி பெயரும், இருக்கிற ரத்தம் நீர்த்துப்போகும். தலைக்காயம் இல்லாதவருக்கு ரத்தப்போக்கு நிற்கும்வரை 80 முதல் 90 போதும். தலைக்காயம் இருந்தால் மட்டும் 110-க்குக் குறையக்கூடாது.

எதுவரை செய்வது என்று கேட்டீர்கள். பாதி வரை. ரத்தத்தை நிறுத்துங்கள், மலம் கசிவதை நிறுத்துங்கள், வயிற்றை இறுக்கி மூடாமல் அனுப்புங்கள். தோல் கீறியதிலிருந்து 60 நிமிடத்துக்குள் மேசையை விட்டு இறங்க வேண்டும்.

நெஞ்செலும்பு முனையிலிருந்து அடிவயிறு வரை ஒரே நீளக் கீறல். சின்னக் கீறலில் ஆரம்பித்து நீட்டிக்கொண்டே போனால் பத்து நிமிடம் வீண். பெரிட்டோனியத்தை (வயிற்றின் உள்ளுறை) திறந்ததும் ரத்தம் பொங்கும். சக்‌ஷனை நம்பாதீர்கள், கட்டிகளைக் கையால் அள்ளி வெளியே போட்டுவிட்டு நான்கு மூலையிலும் பெரிய மாப்களை (ரத்தம் உறிஞ்சும் துணிகள்) திணியுங்கள். கல்லீரலுக்கு மேலும் கீழும், மண்ணீரலுக்கு மேல், இரண்டு பக்கவாட்டுப் பள்ளங்கள், இடுப்புக்குழி. அதன்பிறகு கையை எடுத்துவிட்டு மயக்க மருந்து டாக்டருக்கு ரத்தம் ஏற்ற ஐந்து நிமிடம் கொடுங்கள். பிறகு ரத்தம் குறைவாக இருக்கும் மூலையிலிருந்து மாப்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வரவும்.

மண்ணீரல் கிழிந்திருந்தால் எடுத்துவிடுங்கள், தையல் போட்டுக் காப்பாற்றும் இடம் இது அல்ல. தடுப்பூசியை 14 நாள் கழித்து போடலாம், டிஸ்சார்ஜ் சீட்டில் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். கல்லீரல் என்றால் பிளவுக்குள் துணியைத் திணிக்கக்கூடாது, பிளவு இன்னும் விரியும். மேலும் கீழும் வைத்து இரண்டு பாதியும் ஒன்றோடு ஒன்று சேரும்படி அமுக்க வேண்டும். அளவுக்கு மீறி அமுக்கினால் பெரிய சிரை நசுங்கி பி.பி. சட்டென்று விழும், அப்படி விழுந்தால் ஒரு மாப்பை உருவிப் பாருங்கள். குடல் கிழிந்திருந்தால் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நாடாவால் கட்டிவிட்டு அப்படியே விடலாம், அல்லது கெட்டுப்போன துண்டை வெட்டி இரண்டு முனையையும் மூடிவிட்டு உள்ளே விடலாம். ஜாயிண்ட் போட வேண்டாம், ஸ்டோமாவும் (குடல் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவருவது) இப்போது வேண்டாம். இடுப்பெலும்பு உடைந்து அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் ரத்தத்தைத் திறக்கவே கூடாது. அதற்கு வெளியிலிருந்து கட்டுவதுதான் முதல் வைத்தியம்: போர்வையை ஒரு அடி அகலத்துக்கு மடித்து, தொடையின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பு மட்டத்தில் சுற்றி இறுக்கி, கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். பாதி இடங்களில் இதை இடுப்பு மடிப்பில், வேட்டி கட்டுகிற உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். அது உடைந்த எலும்பை இன்னும் விரிக்கும்.

மூடுவதற்கு ஸ்டெரைல் யூரோபேக் (சிறுநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பை) ஒன்றை வெட்டி விரித்து, தோலோடு மட்டும் சுற்றிலும் நைலான் தையல். தசையுறையைத் தைக்காதீர்கள். உள்ளே மாப்களும் வீங்கிய குடலும் இருக்கும்போது இறுக்கித் தைத்தால் சில மணி நேரத்தில் வயிறு கல்லாகி, சிறுநீர் நின்று, வென்டிலேட்டர் அழுத்தம் ஏறும். மாப்களை 24 முதல் 72 மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையில் எடுப்பார்கள். எத்தனை உள்ளே இருக்கிறது என்ற எண்ணிக்கை லெட்டரின் முதல் வரியில் இருக்க வேண்டும்.

2015-இல் வந்த லான்செட் ஆணைய அறிக்கை முதல்நிலை மருத்துவமனைக்கு மூன்று ஆபரேஷனை அடையாளமாக வைத்தது: சிசேரியன், வயிறு திறப்பது, திறந்த எலும்பு முறிவு. எந்த ஊரிலிருந்தும் 2 மணி நேரத்துக்குள் எட்டும்படி அவை இருக்க வேண்டும் என்றது. உங்களிடம் முதலாவது ஏற்கெனவே ஓடுகிறது. சிசேரியனுக்கு ராத்திரி தியேட்டர் திறக்க முடிந்தால், அதே ஆட்களை வைத்து மற்ற இரண்டும் முடியும்.

நெஞ்சு பற்றி சுருக்கமாக. ஐ.சி.டி. (நெஞ்சிலிருந்து ரத்தத்தையும் காற்றையும் வடிக்கும் டியூப்) போடத் தெரிந்த இரண்டு பேர் 24 மணி நேரமும் வளாகத்தில் இருக்க வேண்டும், டியூட்டி டாக்டர் உட்பட. 28 அல்லது 32 சைஸ், ஐந்தாவது இடுக்கு, அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். ட்ரோக்கார் (கூர்முனைக் கம்பி) குத்த வேண்டாம். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் பிளந்து, விரலை உள்ளே விட்டுச் சுழற்றிப் பார்த்த பிறகே டியூப். போட்டதும் ஒன்றரை லிட்டர் ரத்தம் வந்தால், அல்லது மணிக்கு 200 மி.லி. வீதம் 2 முதல் 4 மணி நேரம் வந்துகொண்டே இருந்தால் நெஞ்சைத் திறக்க வேண்டியவர். அவருக்காகப் பெரிய மருத்துவமனையில் தியேட்டர் தயாரா என்று போன் போட்டுக்கொண்டே ஏற்றுங்கள்.


மயக்கமருந்து_கிருஷ்ணகிரி எழுதியது:

சார் சொன்ன 60 நிமிடக் கணக்கு ஓட வேண்டுமானால் என் ஆள் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கக்கூடாது. 25 லட்சத்தில் ஒரு பங்கை இரண்டு மயக்க மருந்து டாக்டர்கள் மாறி மாறி வளாகத்திலேயே தங்குவதற்கு ஒதுக்குங்கள். மெஷினை விட இது முக்கியம். அதுவரை செய்யக்கூடியது, அழைக்கும் நேரத்தை மாற்றுவது. பேஷண்ட் வந்து, பார்த்து, ஸ்கேன் வைத்து, பிறகு போன் செய்தால் முக்கால் மணி நேரம் போச்சு. 108 இ.எம்.டி. (ஆம்புலன்சில் வரும் மருத்துவ உதவியாளர்) 'பி.பி. 80, வயிற்றில் அடி' என்று சொன்ன அந்த நிமிடமே கிளம்பச் சொல்லுங்கள். பாதி நேரம் வீணாகத் திரும்பிப் போவார், அதற்கும் பணம் கொடுங்கள். எல்.எஸ்.ஏ.எஸ். (உயிர்காக்கும் மயக்க மருந்துத் திறன்) பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டர் உங்களிடம் இருந்தால், அந்தப் பயிற்சி பிரசவ அவசரத்துக்கு என்று வந்தது. அவரைத் தனியாக ட்ராமா கேஸில் நிறுத்துவது சரியல்ல, ஆனால் வென்ஃப்ளான், சக்‌ஷன், டியூப் எல்லாம் தயார் செய்து வைக்க அவரைவிடத் தோதான ஆள் கிடையாது.

ஷாக்கில் (ரத்தம் இழந்து பி.பி. சரிந்த நிலை) இருப்பவருக்கு ஸ்பைனல் (முதுகில் போடும் மயக்க ஊசி) கிடையாது. 'தொடைதானே, ஸ்பைனலில் முடித்துவிடலாம்' என்ற பேச்சு வரும். ரத்தக்குழாய்கள் விரிந்து அங்கேயே பி.பி. போய்விடும். கீட்டமின்தான். வழக்கமான 1 முதல் 2 மி.கி.யைக் குறைத்து, கிலோவுக்கு அரை முதல் 1 மி.கி. தசையைத் தளர்த்தும் சக்ஸா மட்டும் குறைக்காமல் கிலோவுக்கு 1.5 மி.கி. வேலை செய்யும் சக்‌ஷன் இரண்டு வேண்டும், அதில் ஒன்று காலால் மிதிப்பது. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்த அரை நிமிடத்தில்தான் வாந்தி வரும்.

ஒரு வரிசையை மாற்றாதீர்கள். சர்ஜன் கை கழுவி, கவுன் போட்டு, வயிற்றில் மருந்து தடவி, துணி விரித்து, பிளேடு கையில் வந்த பிறகு மயக்கம் கொடுக்க வேண்டும். வயிற்றுத் தசை இறுக்கமாக இருப்பதால்தான் உள்ளே ரத்தம் ஓரளவு அடைபட்டு நிற்கிறது. தளர்த்தும் மருந்து ஏறியதும் அந்தத் தடுப்பு விலகி பி.பி. சரியும். அப்போது சர்ஜன் சிங்க் பக்கத்தில் நின்றால் காரியம் கெட்டது.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிராநெக்ஸாமிக் ஆசிட்: 500 மி.கி. ஆம்பூல் இரண்டு, 100 மி.லி. சலைனில், 10 நிமிடத்தில். அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில். 2010-இல் வந்த கிராஷ்-2 ஆய்வு 20,000-க்கும் மேற்பட்டவர்களை 40 நாடுகளில் பார்த்தது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது குறைகிறது, அதற்கு மேல் கொடுத்தால் தீங்கு. அதனால் அடிபட்ட நேரத்தைக் கேட்டு கேஸ் ஷீட்டில் மேலே எழுதுங்கள், வந்து சேர்ந்த நேரத்தை அல்ல. சித்தேரி மாதிரி மலை ஊரிலிருந்து வருபவருக்கு அந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம்கூட ஓடியிருக்கும். மருந்தை வேகமாகத் தள்ளினால் பி.பி. இறங்கும்.

சூடு. தியேட்டர் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், நீங்கள் வியர்த்தால் பரவாயில்லை. உடல் வெப்பம் 35-க்குக் கீழே போனால் ரத்தம் உறைவதில் தகராறு ஆரம்பிக்கும். சலைன் பாட்டில்களுக்கு 39 டிகிரியில் வைக்கும் வார்மிங் கேபினட் ஒன்று, ரத்தத்துக்கு லைன் வார்மர் ஒன்று, இவை இரண்டும் உங்கள் வாங்கும் பட்டியலில் மேலே இருக்கட்டும். ஈரத் துணியை வெட்டி எடுத்து, துடைத்து, தலையை மூடுங்கள். தலையை யாரும் மூடுவதில்லை.

உறைதல் பார்க்கும் லேப் இல்லையே, உறைதல் கெட்டதை எப்படி அறிவது என்று கேட்பார்கள். பாம்புக்கடிக்கு எல்லோரும் பார்க்கிற அதே 20 நிமிடச் சோதனை: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், அசைக்காமல் 20 நிமிடம். உறையவில்லை என்றால் ஆபரேஷனை அங்கேயே நிறுத்தி, மாப் வைத்து வெளியே வந்துவிடுங்கள். முரட்டுச் சோதனைதான், லேப் ரிப்போர்ட்டுக்கு ஈடல்ல.

ரத்தம் ஏற்றும்போது கால்சியம் மறந்துபோகும். பையில் இருக்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைக் கட்டிப்போடும். முதல் பையோடு 10% கால்சியம் குளுக்கோனேட் 30 மி.லி., வேறு லைனில், மெதுவாக.


ரத்தவங்கி_டெக்னீஷியன் எழுதியது:

ரத்தத்துக்கு வழி, ரத்த வங்கி ஆரம்பிப்பது அல்ல, ரத்த சேமிப்பு மையம். மருந்துச் சட்டத்தின் 'கே' அட்டவணைப்படி ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மிகாமல் சொந்த நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் மருத்துவமனைக்கு முழு உரிமம் தேவையில்லை, மாநில அனுமதி போதும். 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குறைந்தது 10 சதுர மீட்டர் ஏ.சி. அறை, பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், ஒரு டெக்னீஷியன், தாய் ரத்த மையம் ஒன்றோடு எழுத்தில் ஒப்பந்தம். பரிசோதனை எல்லாம் அங்கே முடிந்துதான் பை உங்களுக்கு வரும். சொந்தக்காரரிடம் எடுத்து அப்படியே ஏற்றுவது சட்டத்தில் இல்லை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா பார்க்காமல் ஒரு பையும் ஏறக்கூடாது.

வீட்டு ஃப்ரிட்ஜ் செல்லாது. 2 முதல் 6 டிகிரியில் நிற்கும், வரைபடம் பதிவு செய்யும், அலாரம் உள்ள பிளட் பேங்க் ஃப்ரிட்ஜ்தான் வேண்டும். அலாரம் யாருடைய காதில் விழும் என்பதையும் யோசியுங்கள். பூட்டிய அறைக்குள் ராத்திரி முழுக்கக் கத்தினாலும் வார்டு சிஸ்டருக்குக் கேட்காது. நர்சிங் ஸ்டேஷனுக்கு ஒரு ஒயர் இழுத்து மணி வையுங்கள். ஃப்ரிட்ஜ் ஜெனரேட்டர் லைனில் இருக்கட்டும்.

எத்தனை பை? உங்கள் அளவுக்கு ஓ பாசிட்டிவ் 6, ஓ நெகடிவ் 2 வைத்தால் ஆரம்பிக்கலாம். 'அவசரம் என்றால் ஓ நெகடிவ் மட்டும்தான்' என்று பிடிவாதம் பிடித்தால் எப்போதும் ஃப்ரிட்ஜ் காலியாகவே இருக்கும், நம் மக்களில் நெகடிவ் அவ்வளவு குறைவு. ஆண்களுக்கும், குழந்தை பெறும் வயது கடந்த பெண்களுக்கும் ஓ பாசிட்டிவ் கொடுக்கலாம். நெகடிவ் பைகளைச் சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் விட்டு வையுங்கள். பேக்ட் செல் (பிளாஸ்மா நீக்கிய சிவப்பணு) சாதாரண பையில் 35 நாள், எஸ்.ஏ.ஜி.எம். திரவம் சேர்த்ததில் 42 நாள் தாங்கும். காலாவதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தாய் மையத்துக்குத் திருப்பி அனுப்பி புதுப் பை வாங்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் ஆரம்பித்தால் பை வீணாகும், அடுத்த மாதம் நிர்வாகம் 'எதற்கு இந்தச் செலவு' என்று கேட்கும், மையம் மூடப்படும்.

குரூப் பார்க்காத ஓ பை ஏற்றுவதற்கு முன்பே பேஷண்டின் சாம்பிளை எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் இரண்டு ரத்தமும் கலந்து, குரூப் படிக்கவே முடியாமல் போகும். அவசர கிராஸ்மேட்ச் (இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) சலைனில் சுழற்றிப் பார்ப்பது 10 நிமிடம், முழுமையானது முக்கால் மணி நேரம். முதல் இரண்டு பை குரூப் பார்க்காமல் டாக்டர் கையெழுத்தில், மூன்றாவது முதல் அவருடைய குரூப்பிலேயே என்று வைத்துக்கொண்டால் ஓ பைகள் மிச்சமாகும். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்த பை 30 நிமிடம் தாண்டினால் திரும்ப உள்ளே போகக்கூடாது. தியேட்டருக்கு ஒரேயடியாக நான்கு பை தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

பிளாஸ்மா வைக்க மைனஸ் 30 டிகிரி ஃப்ரீசரும் 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். உருக 20 முதல் 30 நிமிடம். பையை வெளி உறையில் போட்டு அமிழ்த்துங்கள், இல்லாவிட்டால் குழாய் முனை தண்ணீரில் நனைந்து கிருமி ஏறும். முதல் ஆண்டிலேயே இதற்குப் போக வேண்டாம் என்பேன். பேக்ட் செல்லை ஒழுங்காக நடத்திக் காட்டிய பிறகு பாருங்கள்.

நெஞ்சில் தேங்கிய ரத்தம் பற்றி ஒரு விஷயம். ஐ.சி.டி. வழியாக வரும் புது ரத்தத்தை அவருக்கே திருப்பி ஏற்றலாம். காலி 350 மி.லி. டோனர் பையில் 49 மி.லி. உறைதடுப்புத் திரவம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் நேராக இறக்கி, ஃபில்டர் உள்ள பிளட் செட் வழியாக, எடுத்த கையோடு ஏற்ற வேண்டும். அடிபட்டு 6 மணி நேரம் தாண்டியது வேண்டாம். உதரவிதானம் கிழிந்து வயிற்று அழுக்கு கலந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும் வேண்டாம்.


அரூர்_சர்ஜன்:

மூவருக்கும் மிக்க நன்றி. ரத்த சேமிப்பு மையம் பற்றி நாளைக்கே பேசுகிறேன். இரண்டு பாக்கி. திறந்த எலும்பு முறிவுக்கு ஆர்த்தோ வருவதற்கு முன் நான் எதுவரை தொடலாம்? தலைக்காயத்துக்கு சி.டி. இல்லாமல் எப்படி?


எலும்பு_ஓசூர் எழுதியது:

சி.டி. விஷயத்தில் கத்தியும்_நூலும் சார் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வயிற்றுக்கு வேண்டாம், சரி. தலைக்கு அப்படி இல்லை. குடித்துவிட்டு விழுந்தவர், ஒரு வாந்தி எடுத்தவர், 'கொஞ்சம் மயக்கமாக இருக்கிறது' என்பவர், இவர்களையெல்லாம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், உங்கள் ஒரே ஆம்புலன்ஸ் அவர்களோடே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் செகண்ட் ஹேண்ட் சி.டி. என்பது வாங்கும் விலையோடு முடிவதில்லை. மூன்று ஃபேஸ் கரண்ட், ஏ.ஈ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதிக்கு ஏற்ற சுவர், பராமரிப்பு ஒப்பந்தம், டியூப் போனால் ஒரு பெருந்தொகை. ரத்தமும் ஆளும் அமைந்த பிறகு அதைப் பாருங்கள்.

அதுவரை ஜி.சி.எஸ்.ஸும் (நினைவு எவ்வளவு என்று போடும் 3 முதல் 15 வரையிலான மதிப்பெண்) கண்மணியும்தான் உங்கள் சி.டி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். ஜி.சி.எஸ். 8 அல்லது கீழே என்றால் டியூப் போட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். ஒரு கண்மணி விரிகிறது, பி.பி. நன்றாக இருக்கிறது என்றால் மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் 20%, கிலோவுக்கு அரை முதல் 1 கிராம்: 60 கிலோ ஆளுக்கு 150 முதல் 300 மி.லி., 20 நிமிடத்தில், யூரின் டியூப் போட்டுவிட்டு. ஷாக்கில் இருப்பவருக்கு மானிட்டால் போட்டால் இருக்கிற பி.பி.யும் சிறுநீராகப் போய்விடும். அவருக்கு 3% சலைன் 250 மி.லி. டெக்ஸாமெத்தசோன் ஊசியைப் பழக்கத்தில் தட்டிவிடுவார்கள். 2004-இல் 10,000 பேரிடம் பார்த்த கிராஷ் ஆய்வில் ஸ்டீராய்டு வாங்கியவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். மண்டையில் ஓட்டை போடும் யோசனை உங்கள் தூரத்துக்கு வேண்டாம். எந்த ஊரில் இன்று ராத்திரி நியூரோ சர்ஜன் இருக்கிறார் என்று கேட்டுவிட்டு நேராக அங்கே விடுங்கள். தருமபுரியில் இறக்கி, மறுபடி தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போவது இரண்டு பயணம். கணவாயில் லாரி கவிழ்ந்து கிடந்தால் அதுவும் கிடையாது.

எலும்புக்கு வருவோம். வந்த ஒரு மணி நேரத்துக்குள் செஃபாசோலின் 2 கிராம், டி.டி. (டெட்டனஸ் ஊசி); பெரிய காயம் என்றால் ஜென்டாமைசின் சேர்த்து; சாணம், சேற்று மண் பட்டிருந்தால் பென்சிலினும். காயத்தை ஒருமுறை போட்டோ எடுத்துவிட்டு ஈர காஸ் வைத்து மூடுங்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் பிரித்துப் பார்க்க வேண்டாம், போட்டோவைக் காட்டினால் போதும். தியேட்டரில் கழுவுவது சாதாரண சலைன்: சின்னக் காயம் 3 லிட்டர், நடுத்தரம் 6, பெரியது 9. பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு டி.யூ.ஆர். செட் (அகலமான கழுவும் குழாய்) வழியாக ஓடவிட்டால் அந்த அழுத்தம் போதும். சோப்புத் தண்ணீர் வேண்டாம், 2015 ஃப்ளோ ஆய்வில் சோப்பு போட்டவர்களுக்குத்தான் மறு ஆபரேஷன் கூடியது. கிள்ளினால் சுருங்காத, வெட்டினால் ரத்தம் வராத தசை எல்லாம் போக வேண்டும். முதல் நாளே தோலை இழுத்துத் தைத்து அழகு பார்க்காதீர்கள்.

கணுக்கால் முதல் முட்டி வரை என்றால் எக்ஸ்டர்னல் ஃபிக்சேட்டர் (எலும்பில் பின் போட்டு வெளியே கம்பியால் நிறுத்துவது) ஒரு ஜெனரல் சர்ஜன் கற்றுக்கொள்ளக்கூடியதே. முறிவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு ஷான்ஸ் பின், ஒன்று முறிவுக்குக் கிட்டத்தில், ஒன்று எட்டத்தில். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும் உட்புற முன்பக்கத்தில் போட்டால் நரம்பு பயம் இல்லை. 3.5 மி.மீ. டிரில், மெதுவாக, சலைன் ஊற்றிக்கொண்டே. வேகமாகச் சுற்றினால் எலும்பு வெந்து பின் பத்து நாளில் ஆடும். பின்னைக் கையால் முறுக்கி ஏற்றுங்கள். தொடை எலும்புக்கு தாமஸ் ஸ்பிளிண்ட் போட்டு அனுப்புங்கள், போதும். குவாரியில் கல் விழுந்து நசுங்கிய கால் என்றால் விரலை மடக்கி நிமிர்த்தும்போது உயிர் போகிற வலி இருக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை பாருங்கள். நாடி தெரிகிறது என்று ஏமாற வேண்டாம். கடைசியில் போவதுதான் நாடி. சந்தேகம் என்றால் முழங்காலுக்குக் கீழே தசை அடங்கிய நான்கு அறையையும் திறந்துவிட்டு அனுப்புங்கள்.


தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

டாக்டர்கள் சொன்னது எல்லாம் நடக்க, தியேட்டரில் ஒரு பெட்டி தனியாக இருக்க வேண்டும் சார். சிசேரியன் டிரம்மிலிருந்து அப்போதைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றால் அன்றைக்கு அது ஆட்டோகிளேவில் இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் கோடு போட்ட, நாடா வைத்த பெரிய மாப், ஐந்து ஐந்தாகக் கட்டி ஆறு கட்டு. நீளமான வாஸ்குலர் கிளாம்ப் இரண்டு, குடல் கிளாம்ப் நான்கு, பெரிய ரிட்ராக்டர், நாடா, 1-0 சில்க், லூப் நைலான், ஸ்டெரைல் யூரோபேக் இரண்டு. ஐ.சி.டி. செட் இரண்டு தனித்தனி மூட்டையாக, ஒன்று கேஷுவால்டியில். 121 டிகிரி, 15 பவுண்டு, 30 நிமிடம். மூட்டைக்கு நடுவில் இண்டிகேட்டர் பட்டை வையுங்கள், வெளியே ஒட்டும் டேப்பின் கோடு மாறியதை மட்டும் நம்பக்கூடாது. டிரம்மை இறுக்கித் திணித்தால் நடுத்துணிக்கு நீராவி போகாது.

வண்டி ஏற்றும்போது நடக்கிற தப்புகள். ஐ.சி.டி. டியூபை 'பாட்டில் சாயும்' என்று கிளாம்ப் போட்டு அனுப்புவார்கள். காற்று உள்ளேயே சேர்ந்து பாதி வழியில் மூச்சு அடைக்கும். கிளாம்ப் கூடாது, பாட்டில் நெஞ்சுக்குக் கீழே, ஸ்ட்ரெச்சர் கம்பியில் கட்டி, டியூப் 2 செ.மீ. தண்ணீரில். டியூபில் வளைவு தொங்கினால் அதில் ரத்தம் தேங்கி அடைக்கும். ஆக்சிஜன் கணக்கையும் கிளம்புமுன் போடுங்கள்: பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம். மீட்டர் முள் பாதியில் இருந்தால் ஒன்றேகால் மணி. சிலிண்டர் திறக்கும் சாவியும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

லெட்டரில் இருக்க வேண்டியது: அடிபட்ட நேரம், உள்ளே எத்தனை மாப், எத்தனை பை ரத்தம், டிராநெக்ஸாமிக் கொடுத்த நேரம், கட்டிய குடல் எந்த இடம், போன் நம்பர். மாப் எண்ணிக்கையை ஒரு பிளாஸ்டரில் எழுதி நெஞ்சில் ஒட்டிவிடுங்கள்; லெட்டர் அட்டெண்டர் பையோடு டீக்கடைக்குப் போய்விடும், பிளாஸ்டர் போகாது. அங்கே மூடுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அதிலேயே எழுதலாம்.

பணம், போலீஸ் இரண்டுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவசம், தனியார் மருத்துவமனைகளும் சேரலாம். உங்கள் அறக்கட்டளை இதற்குப் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுவந்தவர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தக்கூடாது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவாகவே வந்துவிட்டது. கூட யாரும் வராத, நினைவில்லாத பேஷண்டுக்கு இரண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டு ஆபரேஷன் தொடங்கலாம். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி ஒரு ஆள் பக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கட்டும். வெட்டி எடுத்த துணிகளை பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகித உறையில் போட்டு, ஏ.ஆர். நம்பரை மேலே எழுதி ஸ்டேஷனில் ஒப்படைத்து கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.